பிரிட்ஜ் ஓடுகிறது, மாவு ஏன் புளிக்கிறது?

சித்திரை மாதம். ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலையில் இட்லிக்கு எடுத்தது போக மீதி மாவைப் பாத்திரத்தோடு பிரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் கதவைத் திறந்தால் மாவு பொங்கி வழிந்திருக்கிறது. புளித்த வாடை மூக்கைத் துளைக்கிறது. பெட்டியோ ஓயாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலே பிரீசரில் பனிக்கட்டிகூட இருக்கிறது.

"கேஸ் போயிருக்கும்மா" என்கிறார் அப்பா.

"பழசாயிருச்சுய்யா, மாத்திர வேண்டியதுதான்" என்கிறார் பாட்டி.

இருவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் எதையும் சோதித்துப் பார்க்காமலே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். விஷயம் மாவோடு போவதாக இருந்தால் பரவாயில்லை. அதே பெட்டியில் பாட்டியின் இன்சுலின் மருந்தும் இருக்கிறது. மாவு கெட்டால் வாடை காட்டிக் கொடுத்துவிடும். மருந்து கெட்டால் வாடை வராது. பல சமயம் நிறமும் மாறாது. ஆகவே குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை ஏன் தவறுகிறது, எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிப்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கலை. அதற்குத் திருப்புளி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் போதும்.

மூடி வைத்த மண்பானை

பிரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெப்பத்தைச் சுமக்கும் ஒரு கூலியாள் என்று அதைச் சொல்லலாம்.

இதே வேலையை மண்பானை எவ்வளவோ காலமாகச் செய்து வருகிறது. பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் நம் ஊர் வெப்பத்தில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது பானைக்குள் இருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் நீர் ஆவியாகி, 58 கிராம் நீரை 10 டிகிரி குளிர்வித்துவிடும். காற்று வறண்டிருக்கும் கோடையில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், ஐப்பசி மழைக்காலத்தில் அப்படி இல்லாததும் உங்களுக்குத் தெரிந்ததே. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும்.

பானையில் ஆவியான நீர் போனது போனதுதான். பிரிட்ஜில் அப்படி இல்லை. அங்கே ஆவியாகும் திரவம் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இன்று நம் நாட்டில் விற்கும் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். இது சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனின் உடன்பிறப்பு. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் அதைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலும் கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைப் பிரீசரிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தும்போது அது சூடாகிறது. பின்புறமோ பக்கச் சுவரிலோ உள்ள கண்டென்சர் குழாய்களில் அந்தச் சூட்டை அறைக் காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு தலைமுடி போன்ற துவாரமுள்ள நுண்புழைக் குழாய் ஒன்றின் வழியே நெருக்கியடித்துச் சென்று, அழுத்தம் குறைந்து, மறுபடியும் பிரீசரில் கொதிக்கிறது.

இந்தச் சுற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கோளாறு எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். உள்ளேயிருந்து வெளியே போகும் வெப்பம் எந்த இடத்தில் தடைபடுகிறது? அல்லது, போவதைவிட அதிகமாக எந்த வழியில் வெப்பம் உள்ளே வருகிறது?

சித்திரைக்கு ஒரு கணக்கு

ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும்வரை கோடை கடுமைதான். ஓட்டு வீட்டுச் சமையலறையில் பிற்பகலில் 40 டிகிரி என்பது அதிசயமல்ல. மார்கழி இரவிலோ அதே அறை 25 டிகிரிக்கு இறங்கிவிடும். இந்த இரு காலங்களிலும் ஒரே பிரிட்ஜ் எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்போம்.

கீழ் அறை 4 டிகிரியில் இருக்கிறது என்க. சுவர் வழியாக உள்ளே கசியும் வெப்பம், வெளி வெப்பநிலைக்கும் உள் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. மார்கழியில் வித்தியாசம் 21. சித்திரையில் 36. ஆக, கசிவு 1.7 மடங்காகிவிட்டது.

இது பாதிக் கதைதான். கண்டென்சர் குழாய் அறையைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் அதிலிருந்து வெளியேறும். அறையைவிட 15 டிகிரி கூடுதல் என்று கொள்வோம். மார்கழியில் அது 40, சித்திரையில் 55. பிரீசர்த் தகடு இரண்டு காலங்களிலும் மைனஸ் 23, அதாவது 250 கெல்வின். பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் காட்டிய வழியில் கணக்கிட்டால், ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு அதிகபட்சம் எத்தனை பங்கு வெப்பத்தை வெளியேற்றலாம் என்று தெரியும். மார்கழியில் 250-ஐ 63-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 4 பங்கு. சித்திரையில் 250-ஐ 78-ஆல் வகுக்க வேண்டும், 3.2 பங்கு. உண்மையான இயந்திரம் எதுவும் இந்த எல்லையைத் தொடுவதில்லை. ஆனாலும் இரண்டு காலங்களின் விகிதத்தை இது ஓரளவு சரியாகக் காட்டும்.

சுமை 1.7 மடங்கு கூடிவிட்டது. சுமக்கும் திறனோ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தால் மின்சாரச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது! மார்கழியில் பத்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் ஓய்ந்த பெட்டி, சித்திரையில் ஓயாமல் ஓடினாலும் கணக்கு நேராக வேண்டுமே என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சிறு கோளாறு சேர்ந்தாலும் தாங்காது. ஆண்டு முழுவதும் மறைந்திருந்த குறைகள் கோடையில் வெளியே தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பெட்டி தயாரிப்பவர்களும் இதை அறிவார்கள். பெட்டியின் பின்புறமோ உள்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 'என்', 'எஸ்டி', 'டி' என்று ஏதேனும் ஓர் அடையாள எழுத்து இருக்கலாம். 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு ஏற்றது. 'எஸ்டி' என்றால் 38 வரை. 'டி' என்றால் 43 வரை. நம் பக்கத்து ஊர்களுக்கு 'டி'யே பொருத்தம்.

குறைந்தபட்ச எல்லை ஒன்று இருப்பதையும் கவனித்தீர்களா? கொடைக்கானல் போன்ற குளிர் மலையில் நேர்மாறான வேடிக்கை நடக்கும். பல பெட்டிகளில் வெப்பநிலையை அறியும் உணர்வி கீழ் அறையில் மட்டும்தான் இருக்கும். அறையே 8 டிகிரியில் இருந்தால் கீழ் அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது. கம்ப்ரஸரை ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை என்று உணர்வி நினைத்துக்கொள்கிறது. மேலே பிரீசரில் ஐஸ்கிரீம் மெல்லக் குழைகிறது! ஊரே குளிர, பிரீசர் மட்டும் உருகுகிறது.

கையை நம்பாதீர்கள்

கோளாறைத் தேடுமுன் அளக்க வேண்டும். "தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது" என்பது அளவல்ல. ஒரே வெப்பநிலையில் இருக்கும் அலுமினியத் தட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் கைக்கு வேறு வேறாகத் தோன்றும். அலுமினியம் கையின் வெப்பத்தை விரைவாக இழுப்பதால் அது அதிகக் குளிர்ச்சியாகத் தெரிகிறது. கதவருகில் உள்ள திருகில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கின்றனவே, அவையும் டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும் என்பதே பொருள்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவு 35 டிகிரியில்தான் தொடங்குகிறது. சிவப்புச் சாராயம் அடைத்த சாதாரண வெப்பமானி ஒன்று போதும். பாதரச வெப்பமானியை உணவு இருக்கும் இடத்தில் வைக்க வேண்டாம், உடைந்தால் ஆபத்து. ஒரு தம்ளர் தண்ணீரில் அதை நிறுத்தி, நடுத் தட்டில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன் எழுந்து பாருங்கள். தண்ணீர் எதற்கு? கதவைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை தாவிவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. பால், மாவு, குழம்பு ஆகியவற்றின் நிலையைத் தண்ணீர்தான் சரியாகச் சொல்லும்.

கீழ் அறை 4 டிகிரியோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்தால் நலம். பிரீசர் மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை. தடுப்பு மருந்துகளுக்கும் பெரும்பாலும் இதே எல்லைதான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறித்து வைக்கும் வழக்கம் இதனால்தான்.

பிரீசரை அளக்க வெப்பமானி இல்லையென்றால் உப்பு போதும்! மூன்று சிறு பிளாஸ்டிக் கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் 90 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பு. மூன்றாவதில் 80 கிராம் தண்ணீரில் 20 கிராம் உப்பு. முதலாவது 0 டிகிரியிலும், இரண்டாவது மைனஸ் 6.5 டிகிரி அளவிலும், மூன்றாவது மைனஸ் 16.5 டிகிரி அளவிலும் உறையத் தொடங்கும். ஒரு நாள் கழித்துக் கிண்ணங்களை லேசாக ஆட்டிப் பாருங்கள். மூன்றாவதில் பனிக்கூழ் தட்டுப்பட்டால் பிரீசர் நன்றாக இருக்கிறது. இரண்டாவது மட்டும் உறைந்திருந்தால் பிரீசர் மைனஸ் 6-க்கும் 16-க்கும் இடையில் எங்கோ நிற்கிறது. வெறும் தண்ணீர் மட்டும் உறைந்திருந்தால், பனிக்கட்டி இருக்கிறதே என்று மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. நம் கதையில் வந்த ராஜபாளையத்து வீட்டில் "ஐஸ் இருக்கிறதே" என்று நினைத்தார்களல்லவா? மைனஸ் 2 டிகிரியிலும் ஐஸ் இருக்கும்.

மாவும் பால்கோவாவும்

இட்லி மாவே ஒரு வெப்பமானிதான் என்றால் வியப்பாக இருக்கும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி அளவில் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. 4 டிகிரியில் அவை ஏறக்குறைய தூங்கிவிடுகின்றன. நல்ல பிரிட்ஜில் மாவு இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரே நாளில் பொங்கிவிட்டால் கீழ் அறை 10, 12 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். பால், மீன், கறி இவற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இதே நியாயம்தான். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமானால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் விதி.

அப்படியானால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் பால்கோவாவை பிரிட்ஜ் இல்லாமல் தட்டில் குவித்து வைத்திருக்கிறார்களே? பாலில் நூற்றுக்கு 87 பங்கு அளவில் தண்ணீர். அடுப்பில் கிளறிக் கிளறி அதில் பெரும்பகுதியை ஆவியாக்கி விரட்டிவிடுகிறார்கள். மிஞ்சிய நீரையும் சர்க்கரை தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே சில நாள் கெடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பால்கோவா, பாலைக் காப்பாற்றும் பழைய வழி. நீரை வெளியேற்றுவது ஒரு வழி, வெப்பத்தை வெளியேற்றுவது இன்னொரு வழி. மாவிலிருந்து நீரை வெளியேற்ற முடியாதே! ஆகவே மறுபடியும் பிரிட்ஜுக்கு வருவோம்.

மேலும் கீழும் குளிரவில்லையா?

வெப்பமானி இரண்டு அறைகளிலும் அதிகம் காட்டினால், முதலில் வெளிப்புறத்தைப் பாருங்கள். பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கிறதா? அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மேற்கு ஜன்னல் வெயில் அதன்மேல் விழுகிறதா? கண்டென்சர் சூட்டைவிட இடம் வேண்டும். காற்று கீழே நுழைந்து மேலே போக வழி வேண்டும். சில வீடுகளில் பிரிட்ஜுக்கு அழகாகத் துணியுறை தைத்துப் போட்டிருப்பார்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் கண்டென்சர் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்தச் சுவர் சுடுவது கோளாறல்ல. வெப்பம் வெளியேறுகிறது என்பதன் அடையாளம். அதன்மேல் துணியைப் போர்த்துவது, ஓடி வந்தவனுக்குக் கம்பளி போர்த்துவது போலத்தான்.

பின்புறம் கறுப்புக் கம்பி வலை போன்ற கண்டென்சர் தெரியும் பழைய பெட்டியானால் தூசியைப் பாருங்கள். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. தறி ஓடும் இடங்களில் காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள் அந்தக் கம்பிகளில் படிந்துவிடும். பஞ்சு எவ்வளவு நல்ல வெப்பக் காப்பான் என்பதை மெத்தையில் படுத்தவர் அறிவார். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தாலே சில பெட்டிகள் புத்துயிர் பெற்றுவிடும்.

அடுத்தது கதவு. கதவின் ஓரத்தில் காந்தம் பொதிந்த ரப்பர்ப் பட்டை இருக்கிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பாதி வெளியே தெரியும்படி வைத்துக் கதவை மூடுங்கள். இழுத்தால் தடை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. கதவின் நான்கு பக்கமும் இப்படிச் சோதியுங்கள். ரப்பரின் மடிப்பில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் துடைத்தால் பல தடவை அதுவே சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மாம்பழக் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். வெயிலில் வந்த பத்துக் கிலோ மாம்பழத்தை ஒரே மூச்சில் உள்ளே அடுக்குவார்கள். அவ்வளவும் 35 டிகிரியிலிருந்து இறங்க வேண்டும். அன்று பெட்டி தடுமாறினால் குற்றம் பெட்டியினுடையதல்ல.

மேலே குளிர், கீழே வெதுவெதுப்பு

இதுதான் மிகச் சுவையான கோளாறு. கம்ப்ரஸரும் கேஸும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மேலே இருக்கும் குளிர் கீழே இறங்க வழியில்லை, அதுதான் சங்கதி.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் பிரீசரைச் சுற்றியே குளிர் தகடு இருக்கிறது. அங்கே குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே வழிகிறது. சூடான காற்று மேலே ஏறுகிறது. தட்டுகளின் மேல் செய்தித்தாள் விரித்து, பாத்திரங்களை நெருக்கமாக அடைத்தால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் ஈரக் காற்று தகட்டில் உறைபனியாகப் படிகிறது. மழைக்காலத்தில் இது விரைவாக நடக்கும். பனி படிந்தால் இன்னும் குளிர்ச்சிதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். அலுமினியம் கடத்துவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுகூடப் பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்துவதில்லை. காற்றுத் துளிகள் அடைபட்ட பூம்பனியோ அதைவிட மோசம். அரை சென்டிமீட்டர் பனி படிந்துவிட்டால் நிறுத்திக் கரைத்துவிட வேண்டும். கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் சீக்கிரம் கரையும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. தகடு மெல்லியது, ஒரு குத்தில் கேஸ் முழுவதும் போய்விடும். அப்போது அப்பாவின் தீர்ப்பு பலித்துவிடும்!

இரட்டைக் கதவு 'பிராஸ்ட்-பிரீ' பெட்டியில் குளிர் குழாய் பிரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கிறது. ஒரு சிறு விசிறி அந்தக் குளிர்ந்த காற்றைப் பிரீசருக்கும், ஒரு துவாரம் வழியாகக் கீழ் அறைக்கும் தள்ளுகிறது. அவ்வப்போது ஒரு சிறு மின்சூடேற்றி எரிந்து குழாயில் படிந்த பனியைக் கரைத்துவிடும். அந்தச் சூடேற்றியோ அதை இயக்கும் பகுதியோ கெட்டுவிட்டால்? பனி வளர்ந்து வளர்ந்து குழாயையே மூடிவிடுகிறது. காற்று புக வழியில்லை. அருகிலேயே இருப்பதால் பிரீசர் சில நாள் சமாளிக்கும். கீழ் அறைதான் முதலில் பட்டினி கிடக்கும்.

இதை உறுதி செய்ய அழகான சோதனை ஒன்று உண்டு. முதலில் கொத்தமல்லிக் கட்டோ, பால் பையோ அந்தக் காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உணவை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, மின் இணைப்பைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். பிறகு ஓட்டுங்கள். இரண்டு அறைகளும் நன்றாகக் குளிர்ந்து, சில நாள் கழித்து மறுபடியும் கீழ் அறை வெதுவெதுப்பானால், குற்றவாளி பனி நீக்கும் பகுதிதான். பழுது பார்ப்பவரிடம் இதைச் சொன்னாலே அவருடைய பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் செலவும் பாதியாகலாம்.

கீழே உறைகிறதா?

வெண்டைக்காயில் ஊசி ஊசியாகப் பனி, பாலில் பனிச் சில்லு. குளிர் அதிகம் என்று யாரும் முறையிடுவதில்லை. ஆனால் பாட்டியின் மருந்துக்கு இதுவே பெரிய ஆபத்து. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே இருந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது, எறிந்துவிட வேண்டும். கோடையில் 6-க்குத் திருப்பிய எண்ணை மார்கழியிலும் அப்படியே விட்டுவிடுவது பெரும்பாலும் இதற்குக் காரணம். வெப்பநிலைச் சீராக்கியின் உணர்வி தன் இடத்தைவிட்டு நழுவியிருந்தாலும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மருந்தைப் பிரீசருக்கு நேர் கீழேயும், பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு நடுத் தட்டின் முன்பக்கத்தில், வெப்பமானியுடன் வையுங்கள்.

கேஸ் என்பது கடைசித் தீர்ப்பு

பிரிட்ஜில் உள்ள வாயு சமையல் சிலிண்டரைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. ஐசோபியூட்டேன் பெட்டிகளில் அது ஐம்பது அறுபது கிராம் அளவே. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் ஆண்டுக்கணக்காகச் சுற்றும். குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதே. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும், கண்டென்சர் சுடாமல் இருந்து, குளிர் தகட்டில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் அப்போது கசிவைச் சந்தேகிக்கலாம். அது நாம் கை வைக்கும் வேலையல்ல, ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. பயிற்சி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

முன்பு 'ஆர்-12' என்ற குளோரோஃபுளோரோ கார்பனை நிரப்பினார்கள். அது தீப்பிடிக்காது, ஆனால் வானின் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டு அது படிப்படியாக விலக்கப்பட்டது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் போய் உடனே வந்தால் கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகி, 'டக்' என்று நின்றுவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் உயர் அழுத்தமும் மறுபக்கம் தாழ் அழுத்தமும் இருக்கும்போது அதனால் கிளம்ப முடியாது. நுண்புழை வழியே இரண்டும் சமமாக ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கோடை மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்தாலும் இதே முனகல் வரும்.

நீண்ட மின்வெட்டில் கதவைத் திறக்காதிருந்தால் கீழ் அறை நான்கு மணி நேரமும், நிறைந்த பிரீசர் இரண்டு நாளும், பாதி நிறைந்த பிரீசர் ஒரு நாளும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. இது மிதமான வெப்பமுள்ள அறைக்குச் சொன்னது. சித்திரையில் குறைத்தே எண்ண வேண்டும்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் உறவினர் வீட்டுக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்புகிறீர்கள். இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் போயிருந்தது என்று எப்படித் தெரியும்? புறப்படுவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டியின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. பாதி ஆழத்தில் பதிந்திருந்தால் பாதி உருகி மறுபடியும் உறைந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியில் கிடந்தால், மேலே பனிக்கட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பிரீசரில் வைத்த மீனையும் கறியையும் சமைக்க வேண்டாம்.